முப்பத்தாறு மணி நேரம்

லண்டன்
6-3-1977

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு,

அர்ஜுனன் வணக்கம். நானும் சுந்தரியும் பாப்பாவும் சுகம். நீங்களும் அண்ணியும் சுகமாக இருப்பதாக இரண்டு வரி வந்தால்தான் இங்கே சோறு இறங்கும். முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அண்ணிக்கு மூச்சிரைப்பு குறைந்ததா? இங்கே குளிர் இன்னும் விட்டபாடில்லை.

அம்மாவின் தலைத் திவசம் கார்த்திகையில் வருகிறது. ‘போன வருஷம்தான் கொடுத்து வைக்கவில்லை, இந்த முறையாவது போய் நில்லுங்கள்’ என்று சுந்தரி தினமும் பிடுங்கி எடுக்கிறாள். அவள் சொல்வதும் சரிதான். அப்பாவுக்கு மூத்த பிள்ளை, அம்மாவுக்குக் கடைசிப் பிள்ளை என்பது நம் வீட்டு வழக்கம். அப்பாவுக்கு நீங்கள் கொள்ளி வைத்தீர்கள். அம்மாவுக்கு நான் வைத்திருக்க வேண்டும். நான் வர முடியாமல் போனதால் அதையும் நீங்களே செய்தீர்கள். இங்கே துக்கம் கேட்கிறவர்களிடமெல்லாம் ‘முப்பத்தாறு மணி நேரப் பயணம், எப்படிப் போய்ச் சேர முடியும்?’ என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது.

விஷயத்துக்கு வருகிறேன். இங்கிருந்து கல்கத்தா டம்டம் விமான நிலையத்துக்கு எந்த விமானம் நல்லது, எங்கெங்கே நிற்கும், மொத்தம் எத்தனை மணி நேரம் ஆகும் என்று எழுதுங்கள். பன்னிரண்டு வருஷமாக டிக்கெட் ஆபீஸில் உட்கார்ந்து ஊர் உலகத்துக்கெல்லாம் வழி சொல்பவர் நீங்கள். வீட்டில் இப்படி ஒருவரை வைத்துக்கொண்டு வெளியே போய்க் கேட்டால் நன்றாகவா இருக்கும்? பாப்பாவுக்குப் பள்ளிக்கூடத்தில் தேசப்படம் ஒட்ட வேண்டுமாம். லண்டனுக்கும் கல்கத்தாவுக்கும் எத்தனை மைல் என்று பெரியப்பாவைக் கேட்கச் சொன்னாள்.

அண்ணிக்கு எங்கள் வணக்கத்தைச் சொல்லவும்.

தம்பி
அர்ஜுனன்

---

டாலிகஞ்ச், கல்கத்தா
24-3-1977

தம்பி அர்ஜுனனுக்கு ஆசீர்வாதம்.

உன் கடிதம் கிடைத்தது. உன் அண்ணி சௌந்தரம் நலம். மூச்சிரைப்பு மழைக்காலம் வரை லீவு எடுத்துக்கொண்டிருக்கிறது. என் முழங்கால் மட்டும் லீவே எடுப்பதில்லை. பூமிக்கடியில் ரயில் விடப் போகிறோம் என்று சௌரங்கி முழுக்கத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். டிராமிலிருந்து இறங்கிப் பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு ஆபீஸ் போய்ச் சேர்வதற்குள் எனக்கென்ன இருபது வயதா என்று முழங்கால் கேட்கிறது. எலெக்‌ஷன் முடிந்து ஊர் ஒரே பேச்சாக இருக்கிறது. கவுண்டருக்கு வருகிறவர்கள் டிக்கெட்டைப் பற்றிக் கேட்பதைவிட யார் மந்திரி என்றுதான் அதிகம் கேட்கிறார்கள்.

பாப்பா கேட்டதைச் சொல்கிறேன். ஐயாயிரம் மைலுக்கு ஐம்பது குறைவு. இது நூல் பிடித்தாற்போல நேராகப் போனால். விமானம் நடுவில் இறங்கி ஏறுவதால் இன்னும் கொஞ்சம் கூடும். பெரியப்பா சொன்னார் என்று டீச்சரிடம் தைரியமாகச் சொல்லச் சொல்.

நீ வருவது பற்றிச் சந்தோஷம். உனக்கு லீவு சுலபமாகக் கிடைக்குமா என்று முதலில் பார்த்துக்கொள். குழந்தையின் படிப்பையும் பார்க்க வேண்டும். கவுண்டரில் ஆள் வந்துவிட்டார், நிறுத்திக்கொள்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

ஏழுமலை

---

லண்டன்
10-4-1977

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு,

வணக்கம். இங்கே எல்லோரும் சுகம். அங்கேயும் அப்படியே இருக்க வேண்டுகிறேன்.

பாப்பாவுக்கு டீச்சர் ‘வெரி குட்’ போட்டுவிட்டாள். பெரியப்பாவுக்கு முத்தம் அனுப்பச் சொன்னாள் பாப்பா, இதிலேயே ஒட்டியிருக்கிறேன். ஆனால் என் கேள்வியைக் கோட்டை விட்டுவிட்டீர்களே! மைலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது, நடந்தா வரப் போகிறேன்? எனக்கு மணிக் கணக்கு வேண்டும். லீவு எழுதிக் கொடுக்கும்போது போக வர எத்தனை நாள் என்று காட்ட வேண்டும். கட்டடப் படம் வரைகிற ஆபீஸ் என்றுதான் பெயர், மானேஜர் எங்களை வைத்திருப்பது ஜெயில் மாதிரி.

எத்தனை மணி நேரம் என்று அந்த ஒன்றை மட்டும் எழுதினால் போதும்.

அண்ணியின் உடம்பு பற்றி எழுதவும்.

அர்ஜுனன்

---

(ஏழுமலை எழுதித் தபாலில் சேர்க்காத கடிதம்)

டாலிகஞ்ச்
28-4-1977

தம்பி அர்ஜுனனுக்கு,

நலம். நலமறிய அவா. இந்த இரண்டு வார்த்தைக்கு மேல் பேனா நகர மாட்டேன் என்கிறது. இது மூன்றாவது தாள்.

நீ கேட்டது பெரிய விஷயமில்லை. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவேன். லண்டனிலிருந்து டம்டம்முக்குப் பதினைந்தரை மணி நேரம். காலை பத்தரைக்கு அங்கே ஏறினால் மறுநாள் காலை நம் கடிகாரத்தில் ஏழரைக்கு இங்கே இறங்கலாம். போன நவம்பர் பதினேழாம் தேதி புதன்கிழமையும் அந்த விமானம் இருந்தது. அன்றைக்கும் பதினைந்தரை மணி நேரம்தான்.

அன்று விடியற்காலை அம்மாவின் மூச்சு நின்றது. ஏழு மணிக்கெல்லாம் சாந்த்ராகாச்சியிலிருந்து கலியன் சித்தப்பா வந்துவிட்டார். அப்பாவோடு ரயில்வே யார்டில் வேலை பார்த்த நாலு பேரையும் அழைத்து வந்திருந்தார். நடுக் கூடத்தில் அம்மாவைக் கிடத்தியிருந்தோம். சித்தப்பா எல்லோர் முன்னாலும் கேட்டார்: “ஏம்ப்பா ஏழுமலை, கொள்ளிக்குக் கடைசிப் புள்ள வரணும். நீ பிளேன் ஆபீஸ்ல இருக்கற ஆளு. தம்பி வந்து சேர எவ்ளோ நேரம் புடிக்கும்?”

கூடத்தில் இருந்த பத்துப் பேரும் என் வாயைப் பார்த்தார்கள். நான் ஆபீஸில் உட்காருகிற மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டேன். “முப்பத்தாறு மணி நேரம் ஆகும் சித்தப்பா. இன்னிக்கே ஏறினாலும் வெள்ளிக்கிழமை விடியுமுன்ன வர முடியாது” என்றேன். ஒருவர்கூட மறுத்துக் கேட்கவில்லை. டாக்டர் சொன்னால் எப்படித் தலையாட்டுவார்களோ அப்படி ஆட்டினார்கள்.

மாடி வீட்டு வங்காளி அம்மாள் தாரா பௌதி, உனக்கு மீன் தலை போட்ட பருப்புக் கொடுப்பாளே, அவள்தான் விடவில்லை. மார்க்கெட்டில் அவள் தம்பிக்கு மீன் கடை, எத்தனை பாளம் ஐஸ் வேண்டுமானாலும் வரும், குளிர்காலம்தானே, சின்ன மகன் வரட்டும் என்று மன்றாடினாள். நான் வேண்டாம் என்றேன். சமையலறை வாசலில் உன் அண்ணி நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நீ எழுபத்தொன்றில் வந்தபோது ஒரு நாள் காலையில் ஏறி மறுநாள் காலையில் இங்கே சூடாக இட்லி சாப்பிட்டாய். அந்த இட்லியை ஊற்றியவள் அவள்.

பிறகு நானே போய் உனக்குத் தந்தி கொடுத்தேன். ‘அம்மா காலமானார். பயணம் முப்பத்தாறு மணி. புறப்பட வேண்டாம்.’ மத்தியானம் இரண்டு மணிக்குக் கேவ்ராதலா சுடுகாட்டில் எல்லாம் முடிந்தது.

ஏன் அப்படிச் செய்தேன் என்றால்

---

டாலிகஞ்ச்
2-5-1977

தம்பி அர்ஜுனனுக்கு ஆசீர்வாதம்.

நாங்கள் இருவரும் நலம். பாப்பாவின் முத்தம் வந்து சேர்ந்தது. வெயில் கொளுத்துகிறது. கரண்ட் எப்போது போகும் என்பதைவிட எப்போது வரும் என்று சொல்வதுதான் கஷ்டம். விசிறியால் வீசி வீசி உன் அண்ணியின் கை பயில்வான் கை ஆகிவிட்டது.

நீ கேட்டிருந்ததை மறக்கவில்லை. கோடைக்கும் குளிருக்கும் விமான நேரங்கள் மாறும். குளிர்காலத்துக்கான புதுப் புத்தகம் ஆபீஸுக்கு இன்னும் வரவில்லை. உத்தேசமாக எழுதி உன்னைக் குழப்ப எனக்கு இஷ்டமில்லை. வந்ததும் பார்த்து எழுதுகிறேன். அவசரப்பட வேண்டாம்.

சுந்தரிக்கும் குழந்தைக்கும் ஆசி.

ஏழுமலை

---

லண்டன்
3-7-1977

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு,

வணக்கம். இங்கே சுகம். உங்களிடமிருந்து இரண்டு மாதமாக ஒரு வரியும் இல்லை. மழை ஆரம்பித்திருக்கும், அண்ணிக்கு மூச்சு எப்படி இருக்கிறதோ என்று கவலையாக இருக்கிறது.

லீவு எழுதிக் கொடுக்கக் கடைசித் தேதி வந்துவிட்டதால் நானே இங்கே ஒரு டிக்கெட் ஆபீஸில் போய்க் கேட்டேன். பதினைந்தரை மணி நேரம் என்று சொன்னார்கள். நான் சரியாகத்தான் கேட்டேனா என்று தெரியவில்லை. உங்கள் தந்தியில் முப்பத்தாறு என்று இருந்ததாக ஞாபகம். தந்தி ஆபீஸில் ஏதாவது தவறாக அடித்துவிட்டார்களோ?

நேரம் கிடைக்கும்போது எழுதவும். அண்ணியைக் கேட்டதாகச் சொல்லவும்.

அர்ஜுனன்

---

டாலிகஞ்ச்
30-8-1977

தம்பி அர்ஜுனனுக்கு ஆசீர்வாதம்.

நலம். உன் அண்ணி மழைக்கு இரண்டு முறை படுத்து எழுந்தாள், இப்போது தேவலை. கடிதம் போடத் தாமதம் ஆனதற்கு அவள் உடம்பும் ஒரு காரணம் என்று வைத்துக்கொள்.

தந்தி ஆபீஸ் மேல் தப்பு இல்லை. முப்பத்தாறு என்று எழுதிக் கொடுத்தது நான்தான். பிறகு யோசித்துப் பார்த்ததில் தவறு எங்கே என்று தெரிந்தது. நம் கடிகாரத்துக்கும் உங்கள் கடிகாரத்துக்கும் ஐந்தரை மணி வித்தியாசம். அங்கிருந்து இங்கே வரும்போது அதைக் கூட்ட வேண்டும். துக்கத்தில் தலை சரியாக இல்லாமல் அதை இரண்டு தரம் கூட்டிவிட்டேன் போலிருக்கிறது. புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையன்கள் கவுண்டரில் இந்தத் தப்பைச் செய்வார்கள், நான் அதட்டுவேன். எனக்கே அது வந்துவிட்டது. தெரிந்த நாளிலிருந்து மனசு சரியில்லை.

நீ வருவதாக இருந்தால் அந்தப் பதினைந்தரையே சரி.

ஏழுமலை

---

லண்டன்
8-9-1977

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் இன்று காலைதான் வந்தது, உடனே எழுதுகிறேன். அண்ணி எழுந்து நடமாடுவது அறிந்து நிம்மதி.

தப்பு யாருக்கும் வரும். அந்த நேரத்தில் யாருக்குத் தலை சரியாக இருக்கும்? இதை மனசில் வைத்துக்கொண்டு நீங்கள் வருத்தப்பட வேண்டாம். சுந்தரியிடம்கூட நான் சொல்லவில்லை. இதோடு விட்டுவிடுவோம், இனி இதைப் பற்றி எழுதவும் வேண்டாம்.

திவசத்துக்கு நான் வருவது இப்போது கொஞ்சம் சந்தேகமாக இருக்கிறது. ஆபீஸில் வேலை அதிகம். நீங்களே வழக்கம்போல் செய்துவிடுங்கள். கொள்ளி வைத்தவர்தானே திவசமும் செய்ய வேண்டும்.

அர்ஜுனன்

---

டாலிகஞ்ச்
25-9-1977

தம்பி அர்ஜுனனுக்கு,

சுகம் விசாரிப்பதை இந்த ஒரு தடவை கடைசிக்கு வைத்துக்கொள்கிறேன். முதலில் வைத்தால் அதையே நாலு பக்கம் எழுதி முடித்துவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

உன் கடிதத்தைப் பார்த்ததும் வெட்கமாகப் போய்விட்டது. நீ திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பதினைந்தரையோடு ஐந்தரையை இரண்டு தரம் கூட்டினாலும் இருபத்தாறரைதான் வரும். முப்பத்தாறு எங்கிருந்து வந்தது? கோடு போட்டு, அளவு பார்த்துப் பிழைப்பவன் நீ. இது உன் கண்ணில் படாமல் இருந்திருக்காது. பட்டும் ‘தப்பு யாருக்கும் வரும்’ என்று எழுதி என்னைத் தப்பவிட்டாய். தம்பியிடம் போய் அப்படி ஒரு தயவை வாங்கிக்கொண்டேனே என்று பத்து நாளாகக் குன்றிப் போயிருக்கிறேன்.

அது தப்பு இல்லை அர்ஜுனா, பொய். கலியன் சித்தப்பா கேட்டபோது எனக்குச் சரியான நேரம் தெரியும். மாடி வீட்டுத் தாரா பௌதி ஐஸ் கொண்டுவந்து தருகிறேன் என்று மன்றாடினாள், அதையும் வேண்டாம் என்றேன். வியாழக்கிழமை காலை வரை வைத்திருந்தால் நீ வந்திருப்பாய். அம்மா முகத்தைப் பார்த்து வாய்க்கரிசி போட்டிருப்பாய். நான் தடுத்தேன்.

காரணம் சொல்கிறேன். நியாயம் என்று சொல்லவில்லை. அம்மா படுத்த இரண்டு வருஷமும் குளிப்பாட்டியது, துணி மாற்றியது, கஞ்சி ஊட்டியது நானும் சௌந்தரமும்தான். அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் யார் பார்க்க வந்தாலும் “எம்புள்ள லண்டன்ல இருக்கான்” என்பாள். அவளுக்கு ஒரே பிள்ளை என்று நினைத்துக்கொண்டு போனவர்களும் உண்டு. நான் பக்கத்தில் தம்ளரோடு நின்றுகொண்டிருப்பேன், சிரித்துக்கொள்வேன். போஸ்ட்மேன் வரும் நேரத்துக்கு அவள் கண் தானாக வாசலுக்குப் போகும். வாரத்துக்கு ஒரு கடிதம் உன் பெயரில் நானே சொந்தமாகக் கற்பனை செய்து படித்துக் காட்டியிருக்கிறேன். அதுவும் உனக்குத் தெரிய வேண்டாம் என்றிருந்தேன்.

போவதற்கு முதல் நாள் மத்தியானம் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். மூன்று நாளாக எதுவும் உள்ளே போகவில்லை. திடீரென்று கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, “அர்ஜுனா, வந்துட்டியாடா?” என்றாள். நான் கரண்டியால் கஞ்சியை ஒரு தரம் கலக்கினேன். பிறகு, “ஆமாம்மா, வந்துட்டேன்” என்றேன். அந்தக் கஞ்சி முழுக்க இறங்கியது. கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். அவள் கடைசியாகச் சாப்பிட்டது உன் கையால்தான் என்று நினைத்துக்கொண்டு போயிருக்கிறாள்.

மறுநாள் காலை சித்தப்பா கொள்ளிக்குக் கடைசிப் பிள்ளை வரணும் என்றதும் எனக்குள் ஏதோ அறுந்தது. இதாவது என் பெயரில் இருக்கட்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான். நாற்பத்தைந்து வயசுக்காரன், ஒரு பொம்மைக்குச் சண்டை போடுகிற பிள்ளை மாதிரி அம்மாவின் பிணத்துக்குச் சண்டை போட்டேன். ஜெயித்தும் விட்டேன். மொட்டைத் தலையோடு திரும்பி வந்தபோது ‘பிள்ளை என்றால் ஏழுமலை மாதிரி இருக்க வேண்டும்’ என்று சித்தப்பா தோளைத் தட்டினார். அந்தத் தோள் இன்னும் எரிகிறது.

நீ வா. கட்டாயம் வா. எள்ளும் தண்ணீரும் உன் கையால் விடு, நான் பின்னால் நிற்கிறேன். வர மனமில்லை என்றால் இரண்டு வரி திட்டியாவது எழுது.

உங்கள் மூவர் உடம்பும் எப்படி இருக்கிறது? உன் அண்ணி நலம்.

ஏழுமலை

---

லண்டன்
20-10-1977

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு,

வணக்கம். நாங்கள் மூவரும் சுகம். துர்கா பூஜை நாட்கள் இவை. அங்கே தெருவெல்லாம் பந்தலும் கொட்டுச் சத்தமுமாக இருக்கும். அண்ணியின் உடம்பு நன்றாக இருக்க வேண்டும்.

உங்கள் கடிதம் வந்து இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிறது. ஆபீஸ் பையிலேயே வைத்துக்கொண்டு திரிகிறேன். கஞ்சி ஊட்டிய பகுதியை என்னால் முழுசாகப் படிக்க முடியவில்லை. நீங்கள் திட்டச் சொல்கிறீர்கள். திட்டுகிற யோக்கியதை எனக்கு இருந்தால் முதல் கடிதத்திலேயே திட்டியிருப்பேன்.

உங்கள் தந்தி அன்று காலை ஏழு மணிக்கு வந்தது. சுந்தரி ஆஸ்பத்திரி டியூட்டிக்குப் போய்விட்டாள். முப்பத்தாறு என்பதைப் பார்த்ததுமே அது பொய் என்று எனக்குத் தெரியும். எழுபத்தொன்றில் நானே வந்து போனவன்தானே. படியிறங்கிப் போய் விமான நிலையத்துக்குப் போன் செய்தேன். பத்தரைக்கு விமானம், இடம் இருக்கிறது, மறுநாள் காலை ஏழரைக்குக் கல்கத்தா என்று ஒரு பெண் சொன்னாள். தந்தியின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன். பாஸ்போர்ட் மேஜை டிராயரில் இருந்தது. கட்டிலில் வந்து உட்கார்ந்தேன். எழுந்து பார்த்தபோது மணி பன்னிரண்டு.

ஏன் என்று நீங்கள் சொன்னது போல எனக்கு அழகாகச் சொல்ல வராது. பயம்தான். அம்மாவுக்கு நான் கடிதம் போட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. ‘ஒரு தடவை வந்துட்டுப் போடா’ என்று அவள் சொன்னதாக நீங்கள் எழுதிய கடிதத்துக்கு, லீவு இல்லை என்று பதில் போட்டேன். லீவு இருந்தது. அந்தக் கோடையில் நாங்கள் பத்து நாள் கடற்கரை ஊருக்குப் போய் இருந்துவிட்டு வந்தோம். அந்த முகத்தோடு கூடத்துக்குள் எப்படி நுழைவது? எல்லோரும் கட்டிப் பிடித்து அழுவார்களே, எனக்கு அழுகை வராவிட்டால் என்ன செய்வது என்றுகூட யோசித்தேன். கையில் உங்கள் முப்பத்தாறு இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டேன். சுந்தரி வந்ததும் தந்தியின் முன்பக்கத்தைக் காட்டினேன். பின்பக்கத்தைக் காட்டவில்லை.

நீங்கள் பொய் சொன்னது அன்றே தெரிந்தும் ஒரு வருஷம் அதை உங்களையே சுமக்கவிட்டேன். சுந்தரி போகச் சொல்லிப் பிடுங்கியபோது, எத்தனை மணி நேரம் என்று உங்களைக் கேட்டேன். மறுபடியும் முப்பத்தாறு என்று எழுதுவீர்கள், அதைக் காட்டி என் சாக்கை இன்னும் கெட்டியாக்கிக்கொள்ளலாம் என்று ஒரு மனசு. பதினைந்தரை என்று உண்மையை எழுதிவிட்டால் நானும் சொல்லிவிடலாம் என்று இன்னொரு மனசு. தந்தி ஆபீஸில் தவறாக அடித்துவிட்டார்களோ என்று ஜூலையில் கேட்டேனே, நான் எழுதியதிலேயே கேவலமான வரி அதுதான். தெரிந்துகொண்டே கேட்டேன். இருபத்தாறரைக் கணக்கும் என் கண்ணில் பட்டது. கிளறினால் நீங்கள் என்னைத் திருப்பிக் கேட்பீர்களோ என்றுதான் ‘தப்பு யாருக்கும் வரும்’ என்று அவசரமாக மூடினேன். அது தயவு இல்லை அண்ணா.

சுந்தரியிடம் நேற்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை. எள்ளும் தண்ணீரும் என் கையால் விடச் சொல்கிறீர்கள். என் கை அதற்கு நீளுமா என்று எனக்குத் தெரியவில்லை. வரச் சொன்னால் வருகிறேன்.

அர்ஜுனன்

---

டாலிகஞ்ச்
3-11-1977

தம்பி அர்ஜுனனுக்கு ஆசீர்வாதம்.

நாங்கள் நலம். சுந்தரி உன்னோடு பேச ஆரம்பித்திருப்பாள் என்று நம்புகிறேன். ஆரம்பிக்காவிட்டாலும் அவளைக் குறை சொல்லாதே.

வரச் சொன்னால் வருகிறேன் என்று எழுதியிருக்கிறாய். வரச் சொல்கிறேன். திதி டிசம்பர் ஏழு, புதன்கிழமை. நீ ஐந்தாம் தேதி திங்கட்கிழமை காலை பத்தரைக்கு அங்கே ஏறு. நடுவில் மூன்று இடத்தில் இறங்கும், நீ மாற வேண்டியதில்லை, உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திரு. செவ்வாய் காலை ஏழரைக்கு டம்டம். பதினைந்தரை மணி நேரம். இது புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதியது. நான் வாசலில் நிற்பேன். கலியன் சித்தப்பாவும் திவசத்துக்கு வருகிறார். அவரிடம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று இருக்கிறேன். நீ பக்கத்தில் இருந்தால் எனக்குக் கொஞ்சம் தைரியமாக இருக்கும். உன்னுடையதைச் சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம்.

உன் கடிதத்தைப் படித்ததும் என் பாரம் பாதியாகும் என்று நினைத்தேன். முதலில் அப்படித்தான் இருந்தது, ஒளிக்காமல் சொல்கிறேன். நான் மட்டும் இல்லை, அவனும்தான் என்று ஒரு சந்தோஷம்கூட வந்தது. அந்தச் சந்தோஷத்தோடுதான் சௌந்தரத்தைக் கூப்பிட்டு உட்கார வைத்து உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். என்னுடைய பொய்யை அவள் அன்று சமையலறை வாசலில் நின்று கேட்டவள். ஒரு வருஷமாக ஒரு வார்த்தை கேட்டதில்லை.

முழுக்கக் கேட்டாள். முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்: “சரி. ஒருத்தருக்குக் கொள்ளி வேணும். ஒருத்தருக்கு வராம இருக்க ஒரு சாக்கு வேணும். ரெண்டு பேரும் மணிக் கணக்கு போட்டுக்கினு இருந்தீங்க. செத்தது ஒங்க அம்மாவாச்சே, அன்னிக்கு அந்தம்மாவ நெனச்சது யாரு?”

நான் வாயைத் திறப்பதற்குள் அரிசி களையப் போய்விட்டாள். நாலு நாள் ஆகிறது. இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். உன்னிடம் பதில் இருந்தால் வரும்போது கொண்டு வா.

ஏழுமலை